ஹடப்சர் ஃப்ளாட் இன்னும் காலி

"ஹலோ!... ஹாங், போலா போலா, ப்ரோக்கர் சாஹேப், காலையிலேருந்து உம்ம போனுக்குத்தான்... யாரு?... யாரு?... ஓ... ஓஹோ... உதுமானா! அடடே, நீயாப்பா! நான் ப்ரோக்கர்னு நெனச்சு... சேச்சே, உன் குரல் தெரியாம இருக்குமா? லைன்லே ஒரே கொரகொரன்னு... ஆமா, ஆமா, ஆத்துலேதான் இருக்கேன்... இன்னிக்கு இருக்கேன்..."

வெங்கடேஸ்வரன் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஒரு வாரமாக இந்த மனுஷனின் போனுக்குத் தப்பித்துத் தப்பித்து வந்திருந்தார். மணி அடித்தால் மனைவி விசாலாக்ஷிதான் எடுக்க வேண்டும்; உதுமான் என்று தெரிந்ததும் இவர் சோபாவில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் ஆட்டுவார்; அந்த அம்மாளும் "அவர் வெளியிலே போயிருக்காரேண்ணா" என்பாள். ஏன் என்று கேட்டதற்கு, "பென்ஷனர் சங்கத்துக்குச் சந்தா கேக்கறான், பிடுங்கல்" என்று ஒரு புளுகு. இன்றைக்கு ப்ரோக்கர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். அந்த ஆசையில் பாய்ந்து எடுத்தார், வசமாக மாட்டிக்கொண்டார்.

"சௌக்கியம், சௌக்கியம்... முழங்கால்தான்... உனக்கும் அதேதானா?... கிர்க்கியிலே குளிர் எப்படி? நிக்டியிலே உறைஞ்சு போறது, காலம்பற கம்பளியை விட்டு வெளியிலே வர முடியலே... ஆமா... ஆமா... ம், சொல்லு... இம்தியாஸ் விஷயமா?... மறக்கலையே! மறப்பேனாப்பா நான்?"

மறக்கவில்லை. அதுதான் தொல்லையே. பூனாவில் முப்பது வருஷம் ஒரே டிஃபென்ஸ் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேஜை. மேலப்பாளையத்து உதுமானும் கும்பகோணத்து வெங்கடேஸ்வரனும் ஒரே வருஷத்தில் ரிடையர் ஆனவர்கள். போன வருஷம் உதுமானின் பிள்ளை இம்தியாஸுக்குக் கல்யாணம் ஆனபோது, இவருக்கென்று தனியாகச் சமைத்துப் போட்ட சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிடித்துவிட்டு, மாப்பிள்ளை தோளில் கை போட்டு, நாலு பேர் கேட்க வாக்குக் கொடுத்தார்: "ஹடப்சர்லே என் ஃப்ளாட் எப்போ காலியாறதோ அப்போ அது உனக்குத்தாண்டா, கண்ணா. உன் ஆபீஸுக்கு நடந்தே போயிடலாம்."

ஃப்ளாட் இப்போது காலி. இம்தியாஸ் இப்போது குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பெண்டாட்டி பிள்ளைத்தாச்சி. கணக்கு நேராகத்தான் இருக்கிறது. நடுவில் நவம்பர் மாசம் ஒன்று வந்துவிட்டது.

"...இல்லேப்பா, அதான் சொல்ல வந்தேன். ஃப்ளாட் இருக்கு. இல்லேங்கலே. ஆனா அங்கே இப்போ நிலைமையே வேற, உதுமான்... என் ஃப்ளாட்டுக்குள்ளே நான் போறதுக்கே அந்த வாட்ச்மேன் கையெழுத்து வாங்கறான். பையைத் தொற, டிபன் டப்பாவைத் தொற... கேளேன், கைலே ஒரு கோல் வெச்சிண்டிருக்கான். நம்ம மேலே அப்படியே தடவறான். அது என் அரைஞாணுக்கெல்லாம் கத்தறது! நடு ரோட்லே, லேடீஸெல்லாம் நிக்கறச்சே, வேஷ்டியை விலக்கி வெள்ளி அரைஞாண்ப்பான்னு காட்டவேண்டியதாப் போச்சு... சிரிக்காதே. நெஜமாத்தான்... இப்போ கத்தறதில்லே. பாட்டரி தீந்துடுத்து. வெறும் கோலைத்தான் தடவிண்டிருக்கான்."

உதுமான் சிரித்துவிட்டார் என்றதும் வெங்கடேஸ்வரனுக்குத் தெம்பு வந்தது. சிரிக்கவைத்தே கழற்றிவிட்டுவிடலாம் போலிருக்கிறதே!

"காமிராவா? இருக்கே! ரெண்டு காமிரா. ஒண்ணு மாமரத்தைப் பார்த்துண்டு நிக்கறது, அணில்தான் வந்து போறது அதிலே. இன்னொண்ணு ஓடலே... மெயிண்டனன்ஸா? கேக்காதே. அணிலுக்குக் காவல் காக்க எங்கிட்டேருந்து வசூல். பூட்டின வீட்டுக்கு!... ஆமாம்ப்பா, அந்தக் கோயமுத்தூர்ப் பசங்க போனதுலேருந்து பூட்டித்தான் கிடக்கு. பால்கனி பூரா புறா... நல்ல பசங்கதான். ஒண்ணாந் தேதின்னா ஒண்ணாந் தேதி வாடகை... ஏன் போனாங்கறியா?... பேச்சலர்ஸ் கூடாதுன்னு ரூல் போட்டுட்டா... யாரா? கமிட்டிதான்... கமிட்டின்னா... பொதுவா கமிட்டி."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நவம்பரில் பம்பாயில் பயங்கரவாதிகள் புகுந்து சுட்ட அந்த அக்கிரமம் நடந்தபோது, எல்லோரையும் போல வெங்கடேஸ்வரனும் மூன்று நாள் டீவி முன்னால் உட்கார்ந்து அழுதார். பொய் அழுகை இல்லை. செத்தவர்களுக்காக அழுததோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நமக்கும் வேலை இல்லை. மனுஷன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி ஹடப்சருக்குப் போய், ஃப்ளாட்காரர்கள் சொசைட்டியின் அவசர மீட்டிங்கில் எழுந்து நின்று, நல்ல ஆபீஸ் இங்கிலீஷில் அரை மணி பேசினார். நாடு இருக்கும் நிலையில் வாடகைக்கு யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? தனியாள்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது. கமிட்டி ஆளைப் பார்த்து, 'நமக்குச் சரிப்படுவார்' என்று சொன்னால்தான் சாவி. எல்லோரும் கை தட்டினார்கள். முப்பது வருஷம் நோட் போட்ட கைக்கு அன்றைக்குத்தான் கைதட்டல் கிடைத்தது, பாவம்.

அந்தத் தீர்மானத்தில் முதலில் வெளியே போனவர்கள் அவருடைய குடித்தனக்காரர்களே. ஊரில் யாருக்கும் நஷ்டம் இல்லை, இவரைத் தவிர.

"...அதாவது என்னன்னா, முதல்லே போலீஸ் வெரிஃபிகேஷன்னு ஒண்ணு இருக்கு. அது லேசிலே ஆற காரியமில்லே, மாசக்கணக்கா இழுப்பா... என்னது?... ஆயிடுத்தா?... எப்போ?... அவனே போனானா, போலீஸ் சௌக்கிக்கு?... கேக்கறதுக்கு முன்னாடியேவா?... ம்... காலையிலே போய்ச் சாயங்காலமா?... பெஞ்சிலேயே உக்காத்தி வெச்சாளா... அவனை மாத்திரமா? பக்கத்துலே வந்தவாளையெல்லாம் அனுப்பிட்டு?... அடப் பாவமே... ம்... ம்... பேப்பர் கைக்கு வந்துடுத்தா. நல்லது, நல்லது. வெரி குட்."

வெரி குட் என்று சொன்ன வாய் வேப்பெண்ணெய் குடித்தது போல் கோணிக்கொண்டது. சமையலறையில் விசாலாக்ஷி கொத்தவரங்காய் நறுக்கும் சத்தம் டக்டக்கென்று வந்துகொண்டிருந்தது. அவர் போன் ஒயரை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்தார்.

"சரி, போலீஸ் ஆச்சு. போலீஸ் பெரிசில்லே உதுமான். இந்த மராத்திக்காரா இருக்காளே!... உனக்குத் தெரியாததா. வெளியிலே 'யா யா, பஸா பஸா'ன்னு உபசாரம் பண்ணுவா, உள்ளே... செகரெட்டரி கானேகர்னு ஒருத்தர். ரொம்பக் கறார். சிவாஜி மஹராஜ் படத்துக்குக் கீழேதான் உக்காந்திருப்பார். அவர்கிட்ட நான் எப்படிப் போய்... நமக்கெல்லாம் சங்கடமே இல்லே, நமக்குள்ளே என்ன இருக்கு! அவாதான்... ஹாங்?... பாத்தானா?... யாரு, இம்தியாஸா? கானேகரையா?... நேர்லேயா?... பெண்டாட்டியையும் அழைச்சிண்டா?..."

ஜன்னலுக்கு வெளியே ஒரு டெம்போ போயிற்று. அது போய் முடிகிறவரைக்கும் வெங்கடேஸ்வரனால் வாயை மூட முடியவில்லை.

"...அவல் போஹா கொடுத்தாரா... டீயுமா... அவர் மாட்டுப்பொண்ணுக்கும் இப்போதான்... ஒரே டாக்டரா ரெண்டு பேருக்கும்... ஓ... ஓஹோ... 'எனக்கு ஒண்ணும் ஆக்ஷேபம் இல்லே, ஓனர் சரின்னா சரி'ன்னுட்டாரா... கானேகரா சொன்னார்?... நல்ல மனுஷன். நான்தான் சொல்றேனே, நல்ல மனுஷன்தான்... ரொம்பக் கறார்னா, கொள்கையிலே கறார்..."

பிறகு உதுமான் ஏதோ மெதுவாகச் சொன்னார் போலிருக்கிறது. வெங்கடேஸ்வரன் ரிசீவரை ஒரு காதிலிருந்து எடுத்து மற்றக் காதில் வைத்துக்கொண்டார். அந்தக் காதுக்கும் அதே செய்திதான் வந்தது.

"...யாரு பேசினது?... மீட்டிங்லேயா?... நானா?... கானேகர் அதையுமா சொன்னார்?... அரே, அது வந்து... பேசினேன். பேசலேங்கலே. அது பொதுவாப் பேசினது, உதுமான். பொதுவா... உன்னை மனசிலே வெச்சிண்டா பேசுவேன்? உன் பிள்ளை எனக்கு யாரு?... 'நமக்குச் சரிப்படறவா'ன்னா... மத்லப்... நமக்குன்னா நம்ம எல்லாருக்கும்... நீயும் அதிலே சேர்த்திதான்... சேர்த்தியில்லையா பின்னே?... அந்த நேரத்திலே எல்லாரும் கொதிச்சிண்டிருந்தா. நீயே கொதிக்கலையா? அன்னிக்கு நீயும் எனக்குப் போன் பண்ணி அழுதியே!"

பொதுவாக. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம்மவர்கள் எத்தனை கதவைச் சாத்தியிருக்கிறார்கள்! யார் மூக்கிலும் இடித்ததாகத் தெரியாது, ஆனால் கதவு சாத்தியாகிவிடும். பயங்கரவாதி ஒரு தடவை சுட்டுவிட்டுப் போகிறான். மிச்சத்தை நாம் சாவகாசமாக, மினிட்ஸ் எழுதி, ப்ரபோஸ்டு பை, செகண்டட் பை என்று செய்துகொள்கிறோம்.

"...கோவிச்சுக்காதே. நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. கோண்ட்வாவிலே பாக்கப்படாதோ? கிட்டக்கத்தான். நல்ல நல்ல ஃப்ளாட்டா வந்திருக்காமே. உங்க மனுஷாளும்... இல்லே இல்லே, நான் அப்படிச் சொல்லலே. சௌகரியமா இருக்குமேன்னு. மசூதி பக்கத்துலே, கடை கண்ணி... பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, நாலு பேர் ஒத்தாசைக்கு... பாத்தாச்சா?... எல்லாருமே அங்கேதான் வந்து நிக்கறாளா... வாடகை ரெண்டு பங்கா?... யாரு, உங்க மனுஷாளே ஏத்திட்டாளா?... ம்... அது சரி. வேற எங்கேயும் குடுக்கலேன்னா அங்கேதான் போயாகணும், அப்போ அவா கேக்கறதுதான் விலை... புரியறது, புரியறது..."

எல்லாம் புரிந்தது அவருக்கு. ஒன்று உங்களுக்கும் புரிய வேண்டும். வெங்கடேஸ்வரன் முதன்முதலில் பூனாவுக்கு வந்தபோது, 'மதராஸி'க்கு வீடு இல்லை என்று கதவு கதவாகச் சாத்தினார்கள். அன்றைக்கு கிர்க்கியில் உதுமானின் ஒற்றை அறையில்தான் ஒண்டிக்கொண்டார். ஒரு மழைக்காலம் பூராவும் அந்த அறையில் ரசமும் அப்பளமும்தான் வாசனை. உதுமானுக்கு வேண்டியதை அவர் ஹோட்டலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவார். இதை உதுமான் இன்றைக்கும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் வெங்கடேஸ்வரனுக்கு ரோஷம் வந்திருக்கும், "ஓஹோ, அதைச் சொல்லிக்காட்டவா போன் பண்ணினே?" என்று ரிசீவரை டக்கென்று வைத்திருக்கலாம். அந்த வழியையும் மனுஷன் அடைத்துவிட்டார்.

"...இரு, இரு. சொல்றேன்... நேராச் சொல்லணுமா? நேராத்தானே சொல்லிண்டிருக்கேன்... சரி, ஆமாவா இல்லையா... ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தையிலே எப்படிப்பா... உதுமான், இங்கே பாரு..."

சமையலறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். டக்டக் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினாற்போல் பிடித்துக்கொண்டு, குரலைத் தரைக்கு இறக்கினார்.

"...நான் ரெடிப்பா. அல்லா சாட்சியா, பெருமாள் சாட்சியா, நான் ரெடி. ஆத்துலேதான்... விசாலம்... ஆமா, அவதான்... அவளுக்கு மடி, ஆசாரம்னு ஒரு பைத்தியம், உனக்குத் தெரியாதா... அந்த ஃப்ளாட் கிச்சன்லே இறைச்சி அது இதுன்னா அவ ஒத்துக்கமாட்டா... சமைக்கமாட்டோம்னு எழுதியே தரானா... அது போறாதுப்பா அவளுக்கு. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். காலைப் பிடிக்காத குறை. பொம்மனாட்டி பிடிவாதம், என்ன பண்றது, நான் இதிலே கையாலாகாதவன்... ம்?... ஆமாமா, அவ மட்டும் சரின்னா இன்னிக்கே சாவி..."

டக்டக் சத்தம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. திரும்பினால், விசாலாக்ஷி அரிவாள்மணைப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து ஹால் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கை நிறையக் கொத்தவரங்காய்.

"...என்னது? அவகிட்டயா?... நீயே பேசறியா?... இல்லே, வேண்டாம்... அவ இப்போ... அவ குளிச்சிண்டிருக்கா. ஆமா, இப்போதான் போனா. நாழியாகும், தலைக்குக் குளிக்கறா..."

தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள். வெங்கடேஸ்வரன் அந்தக் கையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், ஆள்காட்டி விரலால் ரிசீவர் வைக்கிற கட்டையை ஒரு அழுத்து அழுத்தினார்.

"ஹலோ!... ஹலோ, உதுமான்!... சே! கட் ஆயிடுத்து பாரு. மழை இல்லே, காத்து இல்லே, என்ன லைனோ..."

அவர் ரிசீவரை வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மறுபடியும் மணி அடித்தது. இவர் கையை ஆட்டினார், தலையை ஆட்டினார். விசாலாக்ஷி கொத்தவரங்காயை டெலிபோன் ஸ்டாண்டு மேல் வைத்துவிட்டு எடுத்தாள்.

"ஹலோ... ஆமாண்ணா, விசாலம்தான்... குளிக்கலேண்ணா. இங்கேதான் நிக்கறேன், இவர் பக்கத்துலேயே... கட் ஆகலே. இவர்தான் கட் பண்ணினார்... ம்?... நானா?... நான் என்ன வேண்டாம்னேனாம்?..."

வெங்கடேஸ்வரன் அவளைப் பார்த்துக் கை கூப்பினார். இந்த முப்பத்துச் சொச்ச வருஷத்தில் அந்த அம்மாளுக்கு அவர் கூப்பின முதல் கும்பிடு அதுதான். ஒரே ஒரு 'ஆமாண்ணா' சொன்னால் போதும், காரியம் முடிந்தது. பழி விழுந்தால் விழட்டும், பெண்பிள்ளை மேல் விழுந்தால் யாரும் பெரிதாக நினைக்கமாட்டார்கள்.

"...இல்லேண்ணா. நான் சொல்லலே. என்னை யாரும் கேக்கவே இல்லே... சந்தா கேக்கறேள்னு சொன்னார், ஒரு வாரமா உங்ககிட்ட இல்லை இல்லைன்னு பொய் சொல்லிண்டிருந்தேன், அது என் தப்பு... பொண்ணுக்கு எத்தனை மாசம்?... ஏழா?... ஏழு மாசத்தோடயா வீடு தேடி அலையறா?... அண்ணா, நான் சொல்றதைக் கேளுங்கோ. நாளைக்கே சாமானை ஏத்திண்டு வரச் சொல்லுங்கோ. நான் வந்து பால் காய்ச்சறேன்... இவர் என்ன சொல்றது இதிலே? நான் சொல்றேன்... ஏண்ணா?... அப்படியெல்லாம் சொல்லப்படாது... யாரு?... அவன் பக்கத்துலேயா இருக்கான்?... எத்தனை நாழியா?... முதல்லேருந்தேவா?... ஸ்பீக்கர்லே போட்டிருந்தேளா..."

விசாலாக்ஷி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"...அந்தப் பொண்ணுமா கேட்டுண்டிருந்தா?... ம்... ம்... அவனையே பேசச் சொல்லுங்கோ என்னோட... இம்தியாஸ், கண்ணா, மாமி பேசறேண்டா... ஆமாடா... ஆமா... இல்லேடா, அப்படியில்லே, நாங்க... இரு, வெச்சுடாதே... மாமி சொல்றதை ஒரு நிமிஷம்... ஹலோ?... இம்தியாஸ்?... ஹலோ..."

அவள் ரிசீவரை மெதுவாக வைத்தாள். வெங்கடேஸ்வரன் இரண்டடி கிட்ட வந்தார்.

"என்னவாம்? என்ன சொன்னான்?"

"வேண்டாமாம்."

"யாரு, அவாளா? அவாளேவா வேண்டாம்னுட்டா?" அவருக்கு மூச்சு நிதானமாக வந்தது. சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "அப்பாடா! நாம மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னோமா, நீயே சொல்லு. கடைசிவரைக்கும் வா வான்னுதானே கூப்பிட்டோம்? நாளைக்கு எவனும் நம்மை ஒரு குத்தம் சொல்ல முடியாது, விசாலம்."